27(2) இல் கேட்டு என்ன கிடைக்கிறது?

மார்ச் 3, செவ்வாய், இரவு 7.50 (வெள்ளவத்தை வாசகர்)

இலங்கைப் பாராளுமன்ற நேரலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. காலை பதினொரு மணியளவில் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து "நிலையியற் கட்டளை 27 இன் கீழ் 2" என்று சபையின் நடைமுறை விதி ஒன்றைச் சொல்லித் தொடங்கி நீளமாக வாசிக்கிறார். அமைச்சர் அதைவிட நீளமாக வாசிக்கிறார். பிறகு இரண்டு பக்கமும் கூச்சல். இரவுச் செய்தியில் இருபது விநாடி வருகிறது. இதில் யாருக்கு என்ன கிடைத்தது? கேள்வி நேரமே வீண் என்பது என் வாதம். இல்லை என்பவர்கள் எப்படி இல்லை என்று காட்டுங்கள்.

மார்ச் 3, செவ்வாய், இரவு 8.40

வீண் இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறீர்கள். அதைப் பிரித்தால்தான் எது வீண், எது வீண் இல்லை என்று பேசலாம்.

சபை 9.30 க்குக் கூடும். முதல் அரை மணி அறிவித்தல்கள், பத்திரங்கள் சமர்ப்பித்தல், மனுக்கள். 10 மணியிலிருந்து 11 மணிவரை வாய்மூல விடைக்கான வினாக்கள். 11 இலிருந்து 11.30 வரை 27(2). வாய்மூல வினாக்களுக்கான ஒரு மணி நேரம் எந்த உறுப்பினருக்கும் உரியது. வினா முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கப்பட்டு, அன்றைய நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகி, இலக்கமும் பெற்றிருக்கும். அடுத்த அரை மணி அங்கீகரிக்கப்பட்ட கட்சித் தலைவர்களுக்கு மட்டும். பொது முக்கியத்துவம் வாய்ந்த அவசர விடயமாக இருக்க வேண்டும். சபைப் பேச்சுகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் இதன் தலைப்பு "தனி அறிவித்தல்மூல வினா".

வாய்மூல வினா அமைச்சிலிருந்து எண்களை எடுப்பதற்கு. 27(2) ஒரு விடயத்தை அன்றைய தினமே சபையின் நடுவில் வைப்பதற்கு. கத்தியால் வெட்ட வேண்டியதைச் சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டு வெட்டவில்லை என்கிறோம். என் கணிப்பில் எதிர்க்கட்சி 27(2) ஐ அளவுக்கு மீறி நம்புகிறது, பத்து மணி வினாக்களைக் குறைவாகப் பயன்படுத்துகிறது.

மார்ச் 3, செவ்வாய், இரவு 9.05

மேலே "கட்சித் தலைவர்களுக்கு மட்டும்" என்று எழுதியதைப் படித்து, எதிர்க்கட்சித் தலைவருக்குத் தனி உரிமை இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வழக்கத்தில் அந்த அரை மணியை அதிகம் பயன்படுத்துகிறவர் அவர்தான். மற்றக் கட்சித் தலைவர்களும் கேட்கிறார்கள். மலையகக் கட்சிகளோ தமிழ்க் கட்சிகளோ முஸ்லிம் கட்சிகளோ சபையில் அங்கீகாரம் பெற்றிருந்தால் அவற்றின் தலைவர்களுக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது.

மார்ச் 4, புதன், காலை 6.30

ஒரு வினாவின் உடலைத் திறந்து பார்ப்போம். ஒழுங்குப் பத்திரத்தில் எல்லா வினாவும் ஒரே அச்சில்தான் வார்க்கப்படும். இன்ன அமைச்சரைக் "கேட்பதற்கு" என்று தொடங்கும். (அ), அதற்குள் (i), (ii), (iii). ஒவ்வொரு பகுதியும் "என்பதை அவர் அறிவாரா?", "என்பதை அவர் குறிப்பிடுவாரா?", "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று முடியும். கடைசி எழுத்துக்கு எதிரே எப்போதும் "இன்றேல், ஏன்?" இருக்கும். படிக்கச் சலிப்பாக இருந்தாலும் அந்த இரண்டு சொல்லுக்கு வேலை இருக்கிறது. விடை தர மறுத்தாலும் மறுப்பதற்கான காரணம் ஹன்சாட்டில் பதிவாக வேண்டும் என்று அது கேட்கிறது.

வினாவுக்குள் வரக்கூடாதவையும் உண்டு: வாதம், ஊகம், குற்றச்சாட்டு, அடைமொழி, கற்பனையான நிலைமை, அமைச்சரின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்பது, சட்ட விளக்கம் கேட்பது, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கைத் தொடுவது. "ஆசிரியர்களைப் புறக்கணிக்கும் இந்த அரசாங்கம்…" என்று தொடங்கினால் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்தில் அந்த வரி போய்விடும். எண் கேட்டால் தங்கும்.

கொழும்புக்காரருக்குப் பொருந்தும் ஓர் உதாரணம், தமிழ்மொழி மூல ஆசிரியர் வெற்றிடம். வழக்கமாகக் கேட்கப்படும் விதம் இது: "கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவுவதை அமைச்சர் அறிவாரா? அதைத் தீர்க்க என்ன நடவடிக்கை எடுக்கப்படும்?" இதற்கு வரும் விடையை இப்போதே எழுதலாம்: "ஆம். நியமனங்கள் வழங்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது." முடிந்தது கதை.

அதையே இப்படிக் கேட்டால்?

(அ) 2025 டிசம்பர் 31 ஆம் திகதியன்று உள்ளவாறு, கொழும்பு மாவட்டத்தின் கொழும்பு, ஹோமாகம, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை ஆகிய ஒவ்வொரு கல்வி வலயத்திலும்,
(i) தமிழ்மொழி மூல வகுப்புகளுள்ள தேசிய பாடசாலைகளின் எண்ணிக்கை யாது;
(ii) அப்பாடசாலைகளில் தமிழ்மொழி மூல ஆசிரியர் வெற்றிடங்கள் பாடவாரியாக எத்தனை;
(iii) கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஓர் ஆசிரியரேனும் இல்லாத பாடசாலைகள் எவை
என்பதை அவர் குறிப்பிடுவாரா?
(ஆ) மேற்படி வெற்றிடங்களை நிரப்பும் திகதியை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(இ) இன்றேல், ஏன்?

திகதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பாடம் இருக்கிறது. "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது" என்ற வரி இதற்குள் நுழைய முடியாது. நுழைந்தால் வெறுமை எல்லோர் கண்ணிலும் படும்.

மார்ச் 4, புதன், பகல் 12.15

"தேசிய பாடசாலை" என்று ஏன் சுருக்கினீர்கள், பெரும்பாலான பிள்ளைகள் மாகாணப் பாடசாலைகளில்தானே என்று கேட்டவருக்கு: சரியான கேள்வி. அங்கேதான் மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பிறகு மாகாணப் பாடசாலை மாகாண சபையின் விடயம். மத்திய அமைச்சர் "இது மாகாண சபைக்குரிய விடயம்" என்று ஒரே வரியில் உட்கார்ந்துவிடலாம். மேல் மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம். ஆகவே மாகாண சபையில் கேட்கவும் ஆள் இல்லை, பாராளுமன்றத்தில் கேட்டாலும் மாகாணத்தின் விடயம் என்று தள்ளப்படும். பிள்ளை நடுவில் நிற்கிறது.

வழி உண்டு. மாகாணப் பாடசாலைகளுக்குத் தனி வினா கொடுத்து, "மாகாணக் கல்வி அதிகாரிகளிடமிருந்து தகவலைப் பெற்று இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று கேட்க வேண்டும். அப்போது மறுப்பதென்றால் தகவல் பெற மறுப்பதாகவே பதிவாகும். இரண்டையும் ஒரே வினாவில் போட்டால் ஒன்றின் சாக்கில் மற்றதும் அடிபட்டுப் போகும். வினாவைப் பிரிப்பதில் பாதி வெற்றி இருக்கிறது.

மார்ச் 4, புதன், இரவு 10.20

மற்ற ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். இவை ஒரு கட்சிக்கோ ஓர் ஆட்சிக்கோ உரியவை அல்ல. எந்த அரசாங்கத்தின் ஹன்சாட்டைப் புரட்டினாலும் கிடைக்கும்.

முதலாவது அவகாசம். "விடையளிக்க ஒரு மாத கால அவகாசம் கோருகின்றேன்" என்று ஆளும் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து சொல்வார். வினா இன்னொரு நாளுக்குப் போகும். அது தவறு அல்ல. 25 மாவட்டங்களிலிருந்து தகவல் திரட்ட வேண்டிய வினாவுக்கு நேரம் தேவைதான். ஆனால் அதே வினாவுக்கு மூன்றாம் முறையும் அவகாசம் கேட்கப்படும்போது யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். வினாவின் இலக்கம் எண்/ஆண்டு என்ற வடிவில் மாறாமல் கூடவே வரும். ஆகவே எண்ணுவது கடினம் இல்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒரு கொப்பியும் ஒரு ஆளும் போதும்.

இரண்டாவது சபாபீடம், அதாவது சபையின் மேசை. "விடை நீளமானது, சபாபீடத்தில் வைக்கின்றேன்." விடை ஹன்சாட்டில் அச்சாகும், அது நல்லதுதான். சிக்கல் இணைப்புகளில். பட்டியல், அட்டவணை, பாடசாலைப் பெயர்கள் எல்லாம் "இணைப்பு" என்று போய், ஹன்சாட்டில் "நூல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது" என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அந்த இணைப்பை எடுக்க உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் நூல் நிலையத்துக்குப் போக வேண்டும். போகிறவர் குறைவு. முக்கியமான எண்ணை (அ)(i) இல் தனி ஒற்றை எண்ணாகக் கேட்டுவிட்டு, பட்டியலைப் பின்னால் கேட்பது நல்லது. ஒற்றை எண் இணைப்புக்குள் ஒளியாது.

மூன்றாவது, "இது வேறொரு அமைச்சின் கீழ் வருகிறது." அமைச்சுகளின் விடயங்கள் வர்த்தமானியில் இருக்கின்றன. வினா எழுதுமுன் அந்த வர்த்தமானியைப் பார்க்காவிட்டால் ஒரு மாதம் போய்விடும். அமைச்சரவை மாறினால் பழைய வினாக்களின் முகவரியும் மாறும்.

நான்காவது, "குழு நியமிக்கப்பட்டுள்ளது, அறிக்கை கிடைத்ததும் அறிவிக்கப்படும்." இதற்கு மாற்று ஒன்றுதான். குழு நியமிக்கப்பட்ட திகதி, உறுப்பினர்களின் பதவிகள், அறிக்கை தர வேண்டிய திகதி, இதுவரை கூடிய தடவைகள் ஆகியவற்றையே அடுத்த வினாவாகக் கேட்பது.

மார்ச் 5, வியாழன், காலை 7.10

முந்தாநாள் 27(2) ஐச் சுத்தியல் என்று எழுதியதைத் திரும்ப யோசித்தேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எண்ணிக்கையைப் பாருங்கள். 2024 நவம்பர் தேர்தலில் 225 ஆசனங்களில் ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு 159, பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்திக்கு 40. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். வாக்கெடுப்பில் எதிர்க்கட்சி எதையும் தடுக்க முடியாது. பிரேரணை தோற்கும், திருத்தம் தோற்கும். அமைச்சரை எழுந்து நின்று பேசவைக்கும் கருவி வினா மட்டுமே. அதில் எதிர்க்கட்சித் தலைவர் தானே நேரடியாகக் கையில் எடுக்கக்கூடியது 27(2). வெள்ளமோ மருந்துத் தட்டுப்பாடோ வந்தால், பத்து மணி வினாவின் வரிசையில் நின்று காத்திருக்க முடியாது.

ஆகவே வீண் என்பது கருவியின் குற்றம் இல்லை. நீளம்தான் குற்றம். ஒரே எழுச்சியில் பதினைந்து உப வினாக்களைக் கேட்டால் அமைச்சர் தனக்கு வசதியான நான்கைத் தேர்ந்து விடையளிப்பார், மற்றவை காற்றோடு போகும். ஐந்துக்கு மேல் கேட்கக்கூடாது. அந்த ஐந்தில் இரண்டாவது ஆம், இல்லை என்று மட்டும் விடையளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, கொடுத்த எழுத்தைத் தாண்டிப் பேசினால் உடனே எதிர்த் தரப்பிலிருந்து ஒழுங்குப் பிரச்சினை எழும். வினாவும் விடையும் மட்டுமே, விவாதம் இல்லை என்று சபாநாயகரின் ஆசனத்திலிருந்து நினைவூட்டல் வரும். அந்த இழுபறியில் அரை மணியில் பத்து நிமிடம் போய்விடும். வெள்ளவத்தை வாசகர் பார்த்த கூச்சல் பெரும்பாலும் இங்கே பிறக்கிறது. எழுதிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்து உட்கார்ந்தால், பந்து அமைச்சரிடம் இருக்கும்.

மார்ச் 5, வியாழன், மாலை 5.45

வெள்ளவத்தை வாசகர் திரும்ப வந்து 323 கொள்கலன் விவகாரத்தைக் காட்டியிருக்கிறார். "அதைக் கேட்டார்கள், கேட்டார்கள், என்ன வந்தது?" என்கிறார்.

2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுக நெரிசலைக் குறைப்பதற்காக 323 கொள்கலன்கள் பௌதிகப் பரிசோதனை இன்றி விடுவிக்கப்பட்டன என்பதுதான் அடிப்படைச் சங்கதி. சபையில் இது பலமுறை எழுந்தது. பெரும்பாலான தடவை கேள்வி "உள்ளே என்ன இருந்தது?" என்றே நின்றது. திறக்காத பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எந்த அமைச்சராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விடை கிடைக்காத இடத்தில்தான் கேள்வியின் முழுப் பாரமும் விழுந்தது.

பெட்டியைத் திறக்காவிட்டாலும் சுங்கத்தின் கணினியில் தாள் இருக்கிறது. சிவப்பு வழிக்கு, அதாவது பரிசோதனைக்கு, தெரிவான கொள்கலன்கள் எத்தனை, அவற்றுள் ஸ்கேன் மட்டும் செய்யப்பட்டவை எத்தனை, பரிந்துரைத்தது எந்தத் தர அதிகாரிகள், எந்தச் சட்ட ஏற்பாட்டின் கீழ், எந்தத் திகதியில், சுங்கப் பிரகடனத்தில் அறிவிக்கப்பட்ட பெறுமதி பொருள் வகைவாரியாக எவ்வளவு, விடுவித்த பிறகு எத்தனை இறக்குமதியாளர்களிடம் விடுவிப்புக்குப் பிந்திய கணக்காய்வு நடந்தது? இவை எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. கடைசி வினாவுக்கு "ஒன்றுமில்லை" என்று விடை வந்தாலும் அதுவே பெரிய விடை.

சுங்கம் நிதி அமைச்சின் கீழ். நிதி ஜனாதிபதியின் பொறுப்பில் இருப்பதால் சபையில் விடையளிப்பவர் பிரதி அமைச்சராக இருப்பார். அதனால் விடையின் கனம் குறைவதில்லை. ஹன்சாட்டில் அது அமைச்சின் விடைதான்.

மார்ச் 5, வியாழன், இரவு 9.30

குரங்கு விவகாரத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒரு தம்பி. விடவில்லை, வருகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார், நாடு முழுக்க இருண்டது. அந்தக் குரங்கு உலகச் செய்தியில் ஏறியது. சபையிலும் ஊடகத்திலும் குரங்கைப் பற்றியே பேச்சு.

குரங்கு ஏறலாம், காகம் மோதலாம், மரம் விழலாம். ஓர் உபமின் நிலையத்தில் விழும் அடி முழு நாட்டையும் ஏன் விழுத்தியது என்பதுதான் கேட்க வேண்டியது. ஞாயிறு காலை, மின் கேள்வி, அதாவது மின்சாரத் தேவை, குறைந்த நேரம், கூரைச் சூரிய மின்சாரம் நிறைந்த வேளை. பெரிய சுழலிகள் குறைவாக ஓடினால் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும் நிலைமம் குறையும். ஒரு தட்டு விழுந்ததும் மற்றவையும் தொடர்ந்து விழும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் அலகுகளும் தடைப்பட்டன. அவை உடனே திரும்ப இணையாததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு வந்தது.

ஆகவே வினா இது: சம்பவ நேரத்தில் மொத்த மின் கேள்வி எத்தனை மெகாவாட்? அதில் கூரைச் சூரியப் பங்கு எவ்வளவு? சுழல் இருப்பு, அதாவது திடீர்த் தேவைக்கு ஓட்டத்தில் வைத்திருக்கும் உபரித் திறன், எவ்வளவு வைத்திருந்தார்கள், வைத்திருக்க வேண்டியது எவ்வளவு? பழுதைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே இயங்க எடுத்த நேரம் எத்தனை மில்லிவிநாடி? முந்திய நாடளாவிய இருளுக்குப் பிறகு செய்த பரிந்துரைகளில் நிறைவேறியவை எத்தனை? இவற்றைக் கேட்டிருந்தால் பொறியியலாளர்கள் எழுதிய விடையை அமைச்சர் வாசித்தே ஆகவேண்டும்.

மார்ச் 6, வெள்ளி, காலை 8.00

திருத்தம். 27(2) 2018 இல்தான் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 2018 இல் நிலையியற் கட்டளைகள் புதிதாக்கப்பட்டபோது இலக்கம்தான் மாறியது. அதற்கு முன் அதே உரிமை 23(2) என்று இருந்தது. பழைய ஹன்சாட்டில் தேடுகிறவர்கள் 27(2) என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இன்றைய ஜனாதிபதி மக்கள் விடுதலை முன்னணியின் தலைவராகச் சபையில் இருந்தபோது 23(2) இன் கீழ் எழுந்து கேட்ட வினாக்கள் அந்தத் தொகுதிகளில் இருக்கின்றன. வினா எழுதப் பழகுகிறவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும், ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் முறை அவற்றில் தெரியும். இன்றைய எதிர்க்கட்சிக்கும் அது பாடம்தான்.

மார்ச் 6, வெள்ளி, இரவு 8.15

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். தமிழர் எவராவது எதிர்க்கட்சித் தலைவராக இருந்து இப்படிக் கேட்டதுண்டா என்று இளையவர் ஒருவர் கேட்கிறார். இருவர். 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140, தமிழர் விடுதலைக் கூட்டணி 18, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 8. கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அப்போது சபை காலிமுகத்திடலில், இன்று ஜனாதிபதி செயலகம் இருக்கும் கட்டடத்தில். தியவன்னாவிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு 1982 ஏப்ரலில்தான் போனது. 140 பேருக்கு எதிரே 18 பேரோடு நின்று கேட்பது எப்படி இருந்திருக்கும் என்பதை 1981 காட்டியது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த மறுமாதம், யூலையில், எதிர்க்கட்சித் தலைவர்மீதே அரசாங்கத் தரப்பு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. கேட்கிறவரின் ஆசனத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். 1983 இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடக் கேட்ட ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தோடு அந்த அத்தியாயம் மூடியது.

அடுத்தவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சம்பந்தன், 2015 செப்ரெம்பரிலிருந்து 2018 டிசம்பர்வரை, 16 ஆசனங்களோடு. அரசாங்கத்தை ஆதரித்துக்கொண்டே எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார் என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. எனக்கும் அந்தக் குறை உண்டு. காணி விடுவிப்பை ஏக்கர் கணக்கில், கிராம சேவகர் பிரிவுவாரியாக, மாதாமாதம் ஒரே இலக்கத் தொடரில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கதிரைக்கு அந்த வசதி இருந்தது.

மார்ச் 7, சனி, முற்பகல் 11.00

மொழி பற்றிக் கேட்டவருக்கு. தமிழில் கேட்கலாம், அது உரிமை. ஹன்சாட்டிலும் தமிழிலேயே அச்சாகும். எவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில்தான் அது இருக்கும், மொழிபெயர்ப்பு சேர்க்கப்படுவதில்லை. சபையில் சமகால உரைபெயர்ப்பு காதில் வரும். இழப்பு அங்கேதான் நடக்கிறது. வேகமாகப் பேசினால் முதலில் விழுவது எண்கள். உரைபெயர்ப்பாளர் வாக்கியத்தைக் காப்பாற்றுவார், "நாற்பத்தேழு" "நாற்பது" ஆகிவிடும்.

எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டும். பணத் தொகையை ஒரே அலகில் சொல்ல வேண்டும். இலட்சம், கோடி என்று தொடங்கி மில்லியனுக்குத் தாவக்கூடாது. 1 கோடி 10 மில்லியன், 100 கோடி 1 பில்லியன். இடையில் ஒரு பூச்சியம் பிசகினால் அமைச்சர் அந்தப் பிசகுக்கு மட்டும் விடையளித்து உட்காருவார், நியாயமாகவே. மேலதிகக் கேள்வியும் அப்படித்தான். எழுத்தில் இல்லாத கேள்வி அது, ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும். முன்னுரையோடு கேட்டால் முன்னுரைக்குத்தான் விடை வரும்.

மார்ச் 8, ஞாயிறு, மாலை 6.20

வினாவுக்கு வெளியேயும் வாசல்கள் இருக்கின்றன. வரவு செலவுத் திட்டக் குழுநிலையில் ஒவ்வோர் அமைச்சின் செலவினத் தலைப்பும் தனித்தனியே எடுக்கப்படும்போது "ரூபா 10 ஆல் குறைக்கப்படுதல் வேண்டும்" என்ற வெட்டுப் பிரேரணை வரும். பத்து ரூபாயால் அரசாங்கம் கவிழாது. ஆனால் அந்தப் பத்து ரூபாய்தான் அந்த அமைச்சைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசும் உரிமையைத் தருகிறது, அமைச்சின் அதிகாரிகளும் அன்று சபையில் வந்து அமர்ந்திருப்பார்கள்.

அமைச்சுசார் ஆலோசனைக் குழுவில் கமராச் சண்டை இல்லை. சிறிய விடயம், ஓர் இடமாற்றம், ஒரு மருந்தகம், ஒரு பாலம் அங்கே விரைவில் முடியும். கோப் (அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் குழு), கோபா (அரசாங்கக் கணக்குகள் குழு) ஆகிய குழுக்களில் அமைச்சரைவிடச் செயலாளரும் தலைவரும் கேள்விக்கு ஆளாகிறார்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை மேசையில் இருக்கும். 2018 இன் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு அந்த அறிக்கைகளுக்குப் பல் கூடியிருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரின் 27(2) ஒன்றுக்குக் கணக்காய்வு அறிக்கையின் ஒரு பந்தியைவிட நல்ல அத்திவாரம் இல்லை. பத்திரிகைத் துணுக்கை வைத்துக் கேட்டால் "செய்தி பொய்" என்று தள்ளலாம். பந்தி இலக்கத்தை வைத்துக் கேட்டால் தள்ள முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது, 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. சபையில் அமைச்சர் சொன்ன எண்ணையும் திணைக்களம் உங்களுக்கு எழுத்தில் தந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அந்த இரண்டு தாளையும் உங்கள் மாவட்ட எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கொடுங்கள், அல்லது கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதைவிட உறுதியான அடிப்படை எந்த வினாவுக்கும் கிடைக்காது.

மார்ச் 8, ஞாயிறு, இரவு 7.05

ஹன்சாட் தேடுகிறவர்கள் முகப்பைக் கவனியுங்கள். "பிழை திருத்தப்படாதது" என்று இருந்தால் அது முதற் பிரதி. மேற்கோள் காட்டுவதற்குத் திருத்திய பதிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள், காலை 6.50

பாடசாலை நிர்வாகம் தெரிந்த ஓர் அக்கா நேற்று இரவு என் மாதிரி வினாவில் கை வைத்திருக்கிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி. "வெற்றிடம்" என்று கேட்டால் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியிலிருந்து நியமனம் பெற்றவர்களைக் கழித்த எண் வரும். ஆனால் தாளில் இந்தப் பாடசாலையில் இருக்கும் ஆசிரியர் தற்காலிக இணைப்பில் வேறொரு பாடசாலையிலோ அலுவலகத்திலோ இருக்கலாம், பிரசவ விடுமுறையிலோ சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டிலோ இருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் பழைய மாணவர் தொகையை வைத்துக் கணித்ததாக இருக்கலாம். வெற்றிடம் மூன்று என்று விடை வரும், வகுப்பில் எட்டுப் பேர் இருக்கமாட்டார்கள். நான் எழுதிய (ii) இல் அமைச்சர் ஒரு பொய்யும் சொல்லாமல் தப்பியிருப்பார்.

ஆகவே (அ)(ii) ஐ எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

(ii) மேற்படி ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழ்மொழி மூலத்திற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி, அவ்வாளணி இறுதியாக மீளாய்வு செய்யப்பட்ட ஆண்டு, நியமனம் பெற்றுள்ள ஆசிரியர்கள், அவர்களுள் இணைப்பின் பேரில் வேறிடங்களில் கடமையாற்றுவோர், விடுமுறையிலுள்ளோர், அன்றைய தினம் நேரசூசியில் பாடம் ஒதுக்கப்பட்டுள்ளோர் ஆகிய ஒவ்வொன்றினதும் எண்ணிக்கை தனித்தனியே யாது;